இடப்பக்கத்திலிருந்து படிக்கவும்

கட்டத்தை அழித்ததும் எண் புரண்டது.

ஷைஸ்தா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அரபி வரியின் முடிவில் 1-0-0 என்று இருந்தது இப்போது 0-0-1 என்று இருந்தது. எண்ணை அவள் தொடவே இல்லை. அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த வெற்றுக் கட்டம் ஒன்றைத்தான் அழித்திருந்தாள். கன்ட்ரோல் இசட் அழுத்தினாள். கட்டம் திரும்பி வந்தது. எண்ணும் 1-0-0 ஆனது. மறுபடி அழித்தாள். 0-0-1.

நான்கு முறை செய்து பார்த்தாள். நான்கு முறையும் அதுவே நடந்தது.

மணி ஐந்து இருபது. டிசம்பர் மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எழில் டிடிபி. கும்பாபிஷேகப் பத்திரிகை, மாதா கோயில் தேர்பவனி நோட்டீஸ், காதணி விழா அழைப்பிதழ், கொம்யூன் பஞ்சாயத்து ஏலப் படிவம் என்று எது வந்தாலும் பக்கம் கட்டித் தரும் இடம். முதலாளி புகழேந்தி. அவரைத் தவிர அங்கே வேலை செய்வது ஷைஸ்தா மட்டும்தான்.

மூன்று மாதமாகப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் வேலையும் வந்துகொண்டிருந்தது. ஓமன், ஏமன் பக்கமிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது கையில் கொடுக்கும் மருந்துக் கையேடு. ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அரபி. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து பாகூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கலீலுல்லா அரபியில் எழுதி அனுப்புவார். ஷைஸ்தா அதைப் பக்கத்தில் ஏற்றுவாள். அவளுக்கு அரபி ஓதத் தெரியும். பத்து வயதுக்குள் மதரஸாவில் குர்ஆன் முழுவதும் ஓதி முடித்தவள். எழுத்துக் கூட்டாமல், தங்குதடையில்லாமல் படிப்பாள். உதிரியாகச் சில சொற்களைத் தவிரப் பொருள் தெரியாது.

கலீலுல்லா அனுப்பும் கோப்பில் எண்களுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் சில இருந்தன. அவருடைய கணினியில் அவை தெரிவதில்லை. இங்கே ஒட்டியதும், அந்த எழுத்துருவில் அவற்றுக்கு வடிவம் இல்லாததால், குறுக்குக் கோடு போட்ட குட்டிக் கட்டங்களாக முளைத்தன. புகழேந்தி அவற்றுக்குப் பேய் என்று பெயர் வைத்திருந்தார். “இன்னாம்மா, இன்னைக்கி எத்தினி பேய் ஓட்டுன?” என்று கேட்பார். அவளும், “நாப்பத்தி மூணுண்ணா. ஒண்ணு வேப்ப மரத்துல ஏறிக்கிச்சு” என்பாள்.

பேய்களை அவள் விட்டுவைத்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜமாஅத்துக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தைப் புத்தகமாகச் செய்தாள். ஹா என்ற எழுத்தின் மேல் எங்கிருந்தோ ஒரு புள்ளி வந்து விழுந்துவிட்டது. புள்ளி விழுந்தால் அது வேறு எழுத்து. முந்நூறு பிரதிகள் திரும்பி வந்தன. பள்ளிவாசல் வாசலில் நின்று அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அரபி எழுத்துக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத எதுவும் நிற்கக் கூடாது என்பது அவள் வழக்கம். கட்டங்களைத் தேடி, ஒரே அழுத்தில் அத்தனையையும் நீக்கிவிடுவாள். அதன் பிறகு எழுத்தையும் குறியையும் மூன்று முறை சரிபார்ப்பாள். எண்களை எதற்குச் சரிபார்க்க? எண் எல்லா மொழியிலும் எண்தானே.

இன்று ரீப்ளேஸ் ஆல் வேலை செய்யாமல் அடம்பிடித்ததால்தான் ஒவ்வொன்றாக அழித்தாள். அதனால்தான் எண் புரள்வது கண்ணில் பட்டது.

அப்போது அவளுக்குப் போன வாரம் செய்த கையேடு நினைவுக்கு வந்தது. அந்தக் கோப்பைத் திறந்தாள். ஓமன்காரப் பெரியவர் ஒருவருடையது. எழுபத்தோரு வயது. ஆறாம் பக்கம், இன்சுலின். ஆங்கிலப் பக்கத்தில் 24-0-10 என்று இருந்தது: காலையில் இருபத்துநான்கு யூனிட், மதியம் இல்லை, இரவு பத்து.

அரபிப் பக்கத்தில் 10-0-24.

“அண்ணா” என்றாள். “கொஞ்சம் இங்க வாங்களேன்.”

புகழேந்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார். அவள் மறுபடி கட்டத்தை அழித்தும் வரவழைத்தும் காட்டினாள்.

“மந்திரம் மாரி இருக்கே.”

“அந்தப் பேய்தாண்ணா நம்பர புடிச்சி வச்சிருந்திருக்குது. அரபி வலது பக்கமிருந்து ஓடுது. அது கூடவே நம்பரும் அந்தப் பக்கமா ஓடிடாம நிறுத்தறதுக்குதான் கலீல் மாமா அத வச்சிருக்காரு. நான் எடுத்துட்டேன்.”

“ஏற்கெனவே ரெண்டு புக்கு போயிருக்கே. அதுல ஒண்ணும் ஆவலியே.”

அவற்றையும் திறந்தாள். முதல் இரண்டிலும் எல்லா மாத்திரையும் 1-0-1. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். தேதிகளும் சரியாக இருந்தன. தேதியில் சாய்கோடு போட்டிருந்தது. சாய்கோட்டுக்கு எண் அசையவில்லை. சிறுகோட்டுக்குத்தான் புரண்டது. தேதிகள் நேராக நிற்பதைப் பார்த்துத்தான் எண்களைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே வராமல் போயிருந்தது.

புகழேந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஷைஸ்தாம்மா, பயப்படாத. அவங்க வலது பக்கமிருந்துதான படிப்பாங்க? பத்து, சைபர், இருபத்திநாலுன்னு நாமதான் படிக்கிறோம். அவங்க அந்தப் பக்கமிருந்து படிச்சா மொதல்ல இருபத்திநாலுதான வரும்? காலையில இருபத்திநாலு. சரியாப் போச்சி.”

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், பெட்டி கட்டிய ஒரு வரி இருந்தது. அதைச் சுற்றி அந்தப் பெட்டியை வரைந்தது அவள்தான். என்ன வரி என்று அவள் கேட்டதில்லை.

கலீலுல்லாவைக் கூப்பிட்டாள். எடுத்தார். பின்னால் இரும்புக் குழாய் உரசும் சத்தம்.

“மாமா, மருந்து புக்குல ரெண்டாம் பக்கத்துல பொட்டி கட்டி ஒரு வரி இருக்கே. அது இன்னா மாமா?”

“எந்த வரி? கடையில ஆளு நிக்கிது, கண்ணாடி வேற இல்ல. நீயே ஓதிக் காட்டும்மா.”

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். “துக்ரஉல் அர்காமு மினல் யஸார்.” எழுத்துக்கு எழுத்து திருத்தமாக, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி.

“அடடா, இன்னா அழகா ஓதுற. எண்களை இடப்பக்கத்திலிருந்து படிக்கவும். அதான் அர்த்தம். ஆஸ்பத்திரி செல்வகுமாரி அம்மாதான் போடச் சொன்னாங்க. டாக்டர் சீட்டு, மருந்துக்கடை சீட்டு எல்லாத்துலயும் நம்ம ஊரு மாரி இடப்பக்கம்தான காலை? புக்கும் அதே மாரி இருந்தாத்தான் கொழப்பம் வராதுன்னாங்க.”

“யஸார்னா இடதா மாமா?”

“ஆமா. நீ ஓதுனதுல ஷிமால்னு வரும். கடைத்தெருவுல எல்லாம் யஸார்தான்.”

ஷிமால் அவளுக்குத் தெரியும். யமீன் வலது, ஷிமால் இடது. யஸார் என்ற சொல்லை அவள் எங்கும் கேட்டதில்லை.

நடந்ததைச் சொன்னாள். குழாய்ச் சத்தம் நின்றது. கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது.

“எல்லாத்தையுமா எடுத்துட்ட?”

“எல்லாத்தையும் மாமா.”

“ஒவ்வொரு நம்பருக்கும் தேடித் தேடி வச்சேனேம்மா அத.” திட்டுகிற குரலாக இல்லை. “அந்தப் பெரியவரு எப்ப ஊருக்குப் போறாரு?”

அவளுக்குத் தெரியவில்லை. மருத்துவமனையைத்தான் கேட்க வேண்டும். போனை வைத்துவிட்டுப் புகழேந்தியைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“செல்வகுமாரி மேடத்துக்குப் போடறேன்ணா.”

“கொஞ்சம் இரு.” அவர் எழுந்து சன்னலருகே போனார். “அவங்ககிட்ட இன்னான்னு சொல்லுவ? நாங்க தப்பா அடிச்சிட்டோம்னா? அடுத்த வருஷத்துக்கும் நமக்கே குடுக்கறேன்னு இப்பதான் வாயால சொல்லியிருக்காங்க. திருத்துன காப்பின்னு ஒண்ணு ரெடி பண்ணு. மெயில்ல அனுப்பிடுவோம். பழசக் கிழிச்சிப் போட்டுடுங்கன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சிது. அவங்களே கொழப்பிக்காம பாத்துப்பாங்க.”

“அந்த மெயில அவங்க எப்பண்ணா பாப்பாங்க?”

“பாப்பாங்க.”

“ராத்திரி ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

புகழேந்தி திரும்பினார். அவருடைய அம்மாவுக்கும் இன்சுலின் போடுகிறார்கள் என்பது ஷைஸ்தாவுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. அவர் கையை மட்டும் ஆட்டினார், போடு என்பது போல.

செல்வகுமாரி அந்த மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர். நெட்டப்பாக்கத்துக்காரர். நாற்பது வயது. எதையும் முழுதாகக் கேட்கும் முன்பே அடுத்த கேள்வி கேட்கிறவர். இன்று ஷைஸ்தா சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

“இன்னா ஷைஸ்தா இப்ப வந்து சொல்ற. அவங்க இன்னைக்கிதான கெளம்பினாங்க.”

“எப்ப மேடம்?”

“காலையில சிஸ்டர் ஊசி போட்டு, டிபன் சாப்ட வச்சி, ஒம்போது மணிக்கு கார் ஏத்தி உட்டேன். மெட்ராஸ்லருந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு பிளைட். ஆறு மணிக்கு மஸ்கட்ல எறங்கும், நம்ம டைமுக்கு. இதுவரைக்கும் எல்லா ஊசியும் சிஸ்டருதான் போட்டாங்க. இன்னைக்கி ராத்திரிதான் மொத தபா அவரு மகன் போடறாரு. சாலிம்னு பேரு.”

“அவரு எந்தப் பக்கமிருந்து மேடம் படிப்பாரு?”

“எடதுலருந்துதான். மூணு நாளு சிஸ்டரு ஒக்கார வச்சி சொல்லிக் குடுத்தாங்க. எடது கையத் தட்டி காலை, வலது கையத் தட்டி ராத்திரி. அவரும் அதே மாரி தட்டித் தட்டிக் காட்டினாரு. நான் பக்கத்துலயே நின்னேன்.”

“மருந்துக்கடை சீட்டுல சரியா இருக்குமே?”

“அது மருந்து டப்பாவோட பெட்டியில கெடக்கும். அவரு கையில வச்சிருந்தது உங்க புக்கு. அதுல இங்கிலீஷ் பக்கத்தப் பாக்கவே மாட்டாரு. அரபியில இருக்குதுன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கினாரு.” செல்வகுமாரியின் குரல் தாழ்ந்தது. “இரு. டாக்டர கேட்டுட்டு வர்றேன்.”

ஏழு நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்.

“பெரியவருக்கு கிட்னி வேற வீக்காம். ராத்திரி இருபத்திநாலு போட்டா தூக்கத்துலயே சுகரு எறங்கிடும், யாருக்கும் தெரியாதுன்னாரு டாக்டரு. தூங்கறாருன்னுதான் நெனைச்சிக்கினு இருப்பாங்க. எப்படியாவது புடிங்கன்னுட்டாரு. ஆனா எங்கிட்ட இருக்கறது இங்க வாங்கிக் குடுத்த சிம் நம்பருதான். சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்ல ஒத்த டிக்குதான் வருது. அந்த சிம்ம ஏர்போர்ட்டுலயே கழட்டிப் போட்டிருப்பாரு.”

“அவங்க ஊரு நம்பரு?”

“அட்மிஷன் பாரத்துல இருக்கும். ரெக்கார்டு ரூம பூட்டிட்டாங்க, ஆள வரச் சொல்லியிருக்கேன். கரியமாணிக்கத்துலருந்து வரணும் அந்த மனுஷன்.”

புகழேந்தி கையேட்டின் மாதிரிப் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்து அட்டையைப் புரட்டினார். உள்ளட்டையின் அரபிப் பகுதியில், நோயாளியின் பெயருக்குக் கீழே, ஒரு தொலைபேசி எண் இருந்தது. “இதோ இருக்கே” என்றார். தன் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டார். மறுபடி அதே குரல்.

“தப்பான நம்பரக் குடுத்திருக்கான்யா.”

ஷைஸ்தா பிரதியை வாங்கிப் பார்த்தாள். மூன்று கட்டாக எண்கள், நடுவில் சிறுகோடுகள். கடைசிக் கட்டு 968.

“ஓமன் கோடு இன்னாண்ணா?”

“ஒம்போது ஆறு எட்டு.” சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார்.

“இதுவும் புரண்டிருக்குண்ணா. கடைசியில இருக்கறது மொதல்ல வரணும்.”

கலீலுல்லாவின் மூலக் கோப்பைத் திறந்து ஒப்பிட்டாள். அதில் 968 முன்னால் இருந்தது. அதற்கும் முன்னால், மறைகுறிகளைக் காட்டும்படி செய்தபோது, மெல்லிய கோடு போல அந்தக் குறி நின்றது. அவள் அதைப் பார்த்து எண்ணைத் தன் கைபேசியில் அடித்தாள்.

மணி ஆறு ஐந்து. அந்தப் பக்கம் ரிங் போகவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் பதிவுக்குரல் வந்தது. விமானம் இறங்கியிருக்கும். பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். ஷைஸ்தா ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை போட்டாள். ஆறரைக்கு ரிங் போனது. எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு மறுபடி எல்லைக்கு வெளியே.

கலீலுல்லா, எண்ணைத் தனக்கும் அனுப்பச் சொல்லி அங்கிருந்து முயன்றுகொண்டிருந்தார். அவருக்கும் கிடைக்கவில்லை. “அவங்க வூடு மலைப் பக்கம்மா. ரோட்டுல டவர் இருக்காது” என்றார். ஏழு இருபதுக்கு, “பள்ளிவாசலுக்குப் போறேன், இஷா தொழுதுட்டு வந்து போடறேன். துவாவும் கேக்கறேன்” என்று சொல்லி வைத்தார். தொழும்போது போனை அணைத்துவிடுவார்.

கீழே உரக்கடையின் ஷட்டரை இறக்கினார்கள். புகழேந்தி டீ வாங்கி வந்தார். இருவருமே குடிக்கவில்லை.

“அங்க இப்ப மணி இன்னா?” என்று கேட்டார்.

“ஆறு. நமக்கு ஒன்றரை மணி பின்னாடி.”

“அப்ப டைம் இருக்கு. எட்டு மணிக்குதான சாப்புடுவாங்க?”

“பிளைட்டுல கொடுத்தத அந்தப் பெரியவரு சாப்ட்டிருப்பாராண்ணா?”

ஏழு முப்பத்தெட்டுக்கு ஷைஸ்தா பதினான்காவது முறையாக அழுத்தினாள். இரண்டு ரிங் போனதும் எடுத்தார்கள்.

“அலோ?” ஆண் குரல். பின்னால் பாத்திரச் சத்தம், குழந்தைகள், பெண்கள் பேசுவது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வ அலைக்கும் ஸலாம்.” தொடர்ந்து வேகமாக அரபியில் ஒரு கேள்வி. அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“சாலிம்? ஹாஸ்பிட்டல். இண்டியா. இன்சுலின்.”

“ஆ, ஹாஸ்பிட்டல். தேங்க் யூ, தேங்க் யூ. நோ இங்கிலீஷ், சிஸ்டர்.” அவன் சிரித்தான். நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பான்.

புகழேந்தி தன் போனில் கலீலுல்லாவை அழைத்துப் பார்த்தார். அணைத்திருந்தது. தலையை ஆட்டினார்.

ஷைஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள். தனக்கு என்னென்ன சொற்கள் தெரியும் என்று தேடினாள். லைல் என்றால் இரவு. எத்தனையோ முறை ஓதிய சொல். சுப்ஹ், காலை. அஷர, பத்து. நான்கு அர்பஅ, இருபது இஷ்ரூன். இல்லை என்பதற்கு லா.

“லைல்” என்றாள். “இன்சுலின். லைல்.”

“நஅம், நஅம். லைல்.” ஆமாம் என்று அவன் உற்சாகமாகச் சொன்னான். “லைல், அர்பஅ வ இஷ்ரீன்.”

இரவு, இருபத்துநான்கு.

போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“லா” என்றாள். “லா. லைல், அஷர. அஷர.”

மறுமுனையில் சத்தம் குறைந்தது. அவன் யாரையோ பேசாமலிருக்கச் சொன்னான். காகிதம் புரளும் ஓசை. பிறகு அவன் படிப்பது கேட்டது, மெதுவாக, பள்ளிப் பிள்ளை படிப்பதைப் போல. அவளுக்குத் தெரிந்த வரிதான். துக்ரஉல் அர்காமு மினல் யஸார். அதன் பிறகு எண்களைச் சொன்னான். அஷர. ஸிஃப்ர். அர்பஅ வ இஷ்ரீன். கையேட்டில் அப்படித்தானே இருக்கிறது என்று அவன் குரல் கேட்டது. அதில் இப்போது சிரிப்பு இல்லை. யாரென்று தெரியாத ஒரு பெண் எங்கிருந்தோ கூப்பிட்டு, மருத்துவமனை கொடுத்த புத்தகத்துக்கு மாறாகச் சொல்கிறாள். அவன் எதை நம்புவான்?

“சாலிம். கிதாப்...” தவறு என்பதற்குச் சொல் வேண்டும். ஓதியதில் இருந்து எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு உருதுக்காரப் பெண்கள் சண்டையில் சொல்கிற சொல் ஒன்று வந்தது. அது அரபியிலிருந்து போனதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. சொல்லிப் பார்த்தாள். “கிதாப் கலத்.”

“கலத்?”

“கலத். கிதாப், அன.” நெஞ்சில் கை வைத்தாள், அவன் பார்க்கிறான் என்பது போல. “அன கலத். கிதாப் லா. அன.”

புத்தகம். நான். நான் தவறு. புத்தகம் இல்லை, நான். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, ஓதுகிற நீட்டலோடு சொன்னாள். “சுப்ஹ், அர்பஅ வ இஷ்ரூன். லைல், அஷர.”

இணைப்பு போய்விட்டதா என்று புகழேந்தி குனிந்து பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“சுப்ஹ்” என்றான் சாலிம். “அர்பஅ வ இஷ்ரீன்.”

“நஅம்.”

“லைல். அஷர.”

“நஅம். நஅம், சாலிம்.”

“அஷர” என்று மறுபடி சொன்னான். பிறகு விரைவாக என்னென்னவோ. அதில் அல்ஹம்துலில்லாஹ் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவன் நம்பினானா, சும்மா திருப்பிச் சொன்னானா என்பது தெரியவில்லை. ஷைஸ்தா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகழேந்தி செல்வகுமாரிக்குச் செய்தி சொன்னார். பத்துதான் போட்டார்கள் என்பதற்கு டாக்டர் ஆதாரம் கேட்கிறார் என்று செல்வகுமாரி பதிலுக்குச் சொன்னார்.

ஏழு ஐம்பத்தைந்துக்குக் கலீலுல்லா பள்ளிவாசல் படியிலிருந்தே கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுச் சாலிமுக்குப் போட்டார். பத்து நிமிடம். ஷைஸ்தாவுக்கு அது நீண்ட பத்து நிமிடம்.

முதலில் வந்தது படம்தான், கலீலுல்லா வழியாக. இன்சுலின் பேனாவை ஒரு கை பிடித்திருந்தது. அளவு காட்டும் சின்னச் சன்னலில் 10. பின்னால் மங்கலாகச் சோற்றுத் தாம்பாளத்தின் விளிம்பும், கிழவர் ஒருவரின் முழங்காலும்.

பிறகு கலீலுல்லா பேசினார். “ஊசியப் போட்டுட்டான்மா, பத்துதான். நான் லைன்லயே இருந்தேன். நீ போன் போட்டப்போ பேனாவ இருபத்திநாலுக்குத் திருப்பி வச்சிக்கிட்டு, வாப்பா கை கழுவிட்டு வரட்டும்னு ஒக்காந்திருந்தானாம். பிளைட்டுல ஒண்ணும் சாப்டாததால சீக்கிரமே சோறு போட்டுட்டாங்க.” மூச்சு வாங்கினார். “அவன் இன்னா சொன்னான் தெரியுமா? போன எடுத்தா ஒரு பொம்பள லைல் லைல்னு ஓதறா, வூட்டுல யாராவது மௌத்தா போயிட்டாங்களான்னு பயந்துட்டேன்னான்.”

“என்னை நம்பினாரா மாமா?”

“புஸ்தகம் தப்புன்னு நீ சொன்னப்போ நம்பலியாம். நான் தப்புன்னு சொன்னப்போதான் நம்பினானாம். எவளும் பொய்க்கு அப்படிச் சொல்ல மாட்டான்னான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகழேந்தி ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

செல்வகுமாரியிடமிருந்து செய்தி வந்திருந்தது. படம் கிடைத்தது, டாக்டரிடம் காட்டியாயிற்று. இது எப்படி நடந்தது என்று கடையிலிருந்து எழுத்தில் வேண்டும். இப்போதே.

“சாப்ட்வேர் கோளாறுன்னு போடு” என்றார் புகழேந்தி. “பொய் இல்லியே. சாப்ட்வேருதான அதக் கட்டமாக் காட்டுச்சு?”

ஷைஸ்தா தட்டத் தொடங்கினாள். மொழிபெயர்ப்பாளர் எண்களுக்கு முன் வைத்திருந்த மறைகுறிகளைப் பக்கம் கட்டும்போது நான் நீக்கிவிட்டேன். அதனால் அரபிப் பக்கங்களில் சிறுகோடு போட்ட எல்லா எண்களும் திசை மாறின. சரிபார்க்கவில்லை. முந்தைய இரண்டு கையேடுகளில் மருந்தளவு பாதிக்கப்படவில்லை, ஆனால் தொலைபேசி எண்கள் தவறாக இருக்கின்றன. சரியான எண்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இனி அளவுகளை எண்ணோடு எழுத்திலும் போட அனுமதி வேண்டும். கீழே தன் பெயர்.

புகழேந்தி அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“உம் பேரு எதுக்கு? கடை பேரப் போடு.”

“கடை இன்னாண்ணா பண்ணிச்சு?”

“கடைக்கு ஓனரு நான். நானும் பாக்காமத்தான அனுப்புனேன்.” குனிந்து, அவள் பெயருக்கு மேல் தன் பெயரையும் ஒற்றை விரலால் தட்டினார். எழுத்துப்பிழை வந்தது. அழித்து மறுபடி தட்டினார். “இப்ப அனுப்பு.”

பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது. நாளை காலை ஒன்பது மணிக்கு இருவரும் டாக்டர் அறைக்கு வரவும். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை.

“வேல போயிடுமாண்ணா?”

“தெரியல.” அவர் விளக்கு சுவிட்சில் கை வைத்தார். “எட்டரைக்கு உங்க வூட்டாண்ட வர்றேன். மழ பேஞ்சா கோட்டு எடுத்துக்கோ. என் வண்டியில ஒண்ணுதான் இருக்கு.”